விடுபட்ட ஒன்பது வீடுகள்

“தம்பி, தஞ்சோங் பகார் பாட்டி ஒருத்தர் கூப்பிட்டாங்க. இந்த மாசம் சாமான் வரலையாம். பட்டியல்ல அவங்க பேர் இருக்கான்னு பாரேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் தொண்டூழியம் செய்யும் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அக்கா தொலைபேசியில் சொன்னது இது. தனியாக வசிக்கும் மூத்தோருக்கு மாதம் ஒருமுறை அரிசி, எண்ணெய், பால்மாவு போன்றவற்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பணி. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். அதனால், எந்த வாகனம் எந்த வீடுகளுக்குச் செல்லவேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் பைத்தான் நிரலை நான்தான் எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை விநியோகத்துக்கான பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாட்டியின் பெயர் இல்லை. எண்ணிப் பார்த்தால் 86 வீடுகளில் 77 மட்டுமே இருந்தன. ஒன்பது வீடுகளுக்கு யாருமே போகவில்லை.

“உன் புரோகிராம் அன்னைக்கு என்னதான் செஞ்சுச்சு?” என்று கேட்டார் அக்கா. என்னிடம் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு நிரல் ஓடியது, திரையில் ‘முடிந்தது’ என்று காட்டியது, நான் மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இடையில் நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

அன்றிரவே இன்னும் இரண்டு தொண்டூழியர்களுடன் அந்த ஒன்பது வீடுகளுக்கும் பொருள்களைக் கொண்டு சென்றேன். பாட்டி கோபப்படவில்லை. “மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன், தம்பி” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

காணாமற்போன பூஜ்யம்

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. விடுபட்டவை அனைத்தும் தஞ்சோங் பகார் வட்டார வீடுகள். சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் கொண்டது. நகர மையத்தின் சில பகுதிகளில் அது பூஜ்யத்தில் தொடங்கும். தஞ்சோங் பகாரில் 08. பெயர்ப் பட்டியலை எக்செல்லில் திறந்து சேமித்தபோது, அது குறியீட்டைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யத்தை நீக்கிவிட்டது. ஐந்து இலக்கமே மிஞ்சியது. ஆறு இலக்கம் இல்லாத வரிகளைச் சத்தமின்றித் தாண்டிச் செல்லும்படி நிரலை எழுதியிருந்தவன் நானேதான்.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இதே சிக்கலை மூன்று மாதங்களுக்கு முன்பே நான் சரிசெய்திருந்தேன். வாழ்த்து அட்டைகளுக்கு முகவரி அச்சிடும் வேறொரு நிரலில், இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்க்கும் வரியை எழுதியிருந்தேன். ஆனால், குறியீட்டைச் சரிபார்க்கும் அந்தப் பகுதியை நான்கு நிரல்களில் வெட்டி ஒட்டியிருந்தேன். ஒன்றைத் திருத்தினேன், மற்ற மூன்றும் பழையபடியே இருந்தன.

எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு

இம்முறை பொதுவான வேலைகளை எல்லாம் ஒரே கோப்புக்கு மாற்றினேன். பைத்தானில் இப்படிப்பட்ட கோப்பை ‘மாட்யூல்’ என்பார்கள். அஞ்சல் குறியீட்டைச் சரிசெய்வது, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்ப்பது, நடந்ததைப் பதிவுசெய்வது என மூன்று சிறிய ஃபங்ஷன்கள் அதில் உள்ளன. நான்கு நிரல்களும் ‘இம்போர்ட்’ என்ற ஒரே வரியில் அவற்றை அழைத்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் திருத்தினால் நான்கிலும் திருத்தம் வந்துவிடும்.

பதிவுசெய்வதைக் கணினித் துறையில் ‘லாகிங்’ என்கிறார்கள். அக்காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் வீசுவார்கள். அந்த அளவை எழுதிவைத்த ஏட்டுக்கு ‘லாக் புக்’ என்று பெயர் வந்தது. அந்தச் சொல்தான் இன்று கணினிக்கும் வந்திருக்கிறது. 2003ல் வெளிவந்த பைத்தான் 2.3 முதல் இவ்வசதி மொழியுடனேயே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

‘பிரிண்ட்’ போதாதா என்று நானும் நினைத்தேன். திரையில் அச்சாவது சாளரத்தை மூடியதும் மறைந்துவிடும். லாகிங்கை அமைத்துவிட்டால் நேரம், நிரலின் பெயர் ஆகியவற்றுடன் ஒவ்வொரு செய்தியும் கோப்பில் தங்கும். செய்திகளுக்கு ஐந்து நிலைகளும் உண்டு: டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல். நாம் எதுவும் சொல்லாவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேற்பட்டவையும்தான் வெளிவரும். என் இன்ஃபோ செய்திகள் ஏன் வரவில்லை என்று அரை மணி நேரம் குழம்பிய பிறகே இது புரிந்தது. நிலையை இன்ஃபோவுக்கு இறக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தவற்றையும் செய்தேன். என் கோப்புக்கு ‘லாகிங்’ என்றே பெயர் வைத்துவிட்டேன். பைத்தான் தன்னுடைய மாட்யூலை விட்டுவிட்டு என் கோப்பை எடுத்துக்கொண்டு பிழை காட்டியது. உங்கள் கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள்.

எதை எழுதக்கூடாது என்பதும் முக்கியம். முதலில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் பதிவில் எழுதினேன். அந்தக் கோப்பை நண்பனுக்கு அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. மூத்தோரின் தனிப்பட்ட விவரங்கள் அதில் இருந்தன. சிங்கப்பூரில் 2012ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது சரியல்ல. இப்போது வரிசை எண்ணை மட்டுமே எழுதுகிறேன்.

அடுத்த மாதம்

அடுத்த விநியோகத்துக்கு முந்தைய இரவு, பதிவுக் கோப்பைத் திறந்தேன். 87 வீடுகள் படிக்கப்பட்டன. 9 குறியீடுகளில் பூஜ்யம் சேர்க்கப்பட்டது. 86 வீடுகள் பட்டியலில் எழுதப்பட்டன. கீழே ஒரு வார்னிங்: “41ஆம் வரி தாண்டப்பட்டது. அஞ்சல் குறியீடு இல்லை.”

அந்த மாதம்தான் சேர்ந்த ஒரு தாத்தாவின் வீடு அது. அக்காவுக்கு உடனே தகவல் சொன்னேன். அவர் தாத்தாவை அழைத்துக் குறியீட்டைக் கேட்டு வாங்கினார். மறுநாள் காலை 87 வீடுகளுக்கும் சாமான் போய்ச் சேர்ந்தது.

பள்ளித் திட்டப்பணிக்கோ இணைப்பாட நடவடிக்கைக்கோ நீங்களும் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கலாம். அது எதையாவது தாண்டிச் செல்கிறதா என்று இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். தாண்டிச் சென்றால், அதைச் சொல்லிவிட்டுச் செல்லும்படி ஒரு வரியைச் சேருங்கள்.