பங்குனி வெயிலில் கூந்தன்குளம்

திருநெல்வேலி மாவட்டம் மூலைக்கரைப்பட்டிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்தில் பங்குனி பிறக்கும்போது இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. பனிக்காலத்தை இங்கே கழித்த பறவைகள் வடக்கே கிளம்புகின்றன. குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் நிற்கும் மரங்களிலும் குஞ்சுகள் கத்தத் தொடங்குகின்றன.

கிளம்பும் பறவைகளில் நெடும்பயணி பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகளே இதன் அடையாளம். மங்கோலியாவிலும் திபெத் மேட்டுநிலத்திலும் முட்டையிடும் இந்த வாத்து, இமயமலையைத் தாண்டி நாட்டின் தென்கோடி வரை வந்து வயலோரங்களில் மேய்கிறது. முட்டையிடும் இடத்தில் பனி உருகிப் புல் துளிர்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்பதால், இங்கே கோடை முற்றும் முன்பே புறப்பட்டுவிடுகிறது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் இதே நாட்களில் குறைந்துவிடும்.

ஊரிலேயே தங்கிக் குடும்பம் நடத்துபவை மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா ஆகியவையும் பக்கத்திலேயே கூடு கட்டுகின்றன. நாரை முட்டைகளை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கிறது. பொரிந்த குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். வளரும் குஞ்சின் பசி பெரும்பசி. அந்தப் பசி உச்சத்தில் இருக்கும்போது சுற்றுவட்டக் குளங்களில் தண்ணீர் வற்றி, மீன்கள் ஆழமில்லாத இடங்களில் ஒதுங்கிக் கிடக்கும். நாரை பார்த்துப் பிடிப்பதைவிடத் தடவிப் பிடிப்பதே அதிகம். பாதி திறந்த அலகைக் கலங்கிய நீரில் துழாவி, மீன் பட்டவுடன் கவ்விக்கொள்கிறது. வற்றும் குளமே அதற்கு வாகான களம். பிடித்த மீனை விழுங்கி வந்து கூட்டில் கக்குகிறது. கூழைக்கடாக் குஞ்சோ தாயின் தாடைப் பைக்குள் தலையை நுழைத்துத் தானே எடுத்துத் தின்கிறது.

உச்சி வெயிலில் நாரைக் கூடு மனத்தை உருக்கும் காட்சி. தாயோ தந்தையோ இறக்கையைக் குடைபோல விரித்து, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒண்டிக்கிடக்கும்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்த இதன் பரப்பு 129.33 ஹெக்டேர். 2022-இல் இது சர்வதேச ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசு ஆணை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பறவைகளைக் காத்தவர்கள் ஊர் மக்கள்தான். கொல்லை வேம்பிலும் தெருவோரப் புளியிலும் கூடு இருக்கும்; வாசலில் எச்சம் விழும்; மீன் கவுச்சி வீசும். அதற்காக யாரும் கிளையை வெட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதும் இல்லை. பறவை வந்தால் மழை பொய்க்காது என்பது அவர்களது நம்பிக்கை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களது அனுபவம். இந்த இரண்டையும் விலக்கிவிட்டுச் சரணாலயத்தின் கதையைச் சொல்ல முடியாது.

எல்லாமே தண்ணீரைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாய் நீரும் குளத்தை நிரப்பினால் மார்கழி, தை வாக்கில் கூடுகள் எழும். நிரம்பாத ஆண்டில் மரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

வேடந்தாங்கலில் பங்குனியோடு கூட்டம் கலையத் தொடங்கும். இங்கே ஆனி வரையிலும்கூடக் குஞ்சுகளைப் பார்க்கலாம். வருபவர்கள் விடியற்காலையில் வருவது நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் ஒடுங்கிவிடும். பைனாகுலர் கொண்டுவந்து, காவல் கோபுரத்திலிருந்து பார்த்தால் பறவைகளுக்குத் தொந்தரவில்லை. கூட்டின் கீழே கூடிநின்று கூச்சலிட்டால் பெரிய பறவைகள் எழும்பிப் பறந்துவிடும். நிழல் விலகிய குஞ்சு சிறிது நேரத்திலேயே வெயிலில் வாடிவிடும். பலத்த காற்றடிக்கும் நாட்களில் கூட்டிலிருந்து குஞ்சுகள் கீழே விழுவதும் உண்டு. அவற்றை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடும் ஏற்பாடு இங்கேயே இருக்கிறது. தரையில் குஞ்சு கிடந்தால் அதைத் தொட்டுத் தூக்கிப் படம் எடுக்காமல், வனத்துறை ஊழியரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ உடனே சொல்லுங்கள்.