சமூக அறக்கட்டளைகளும் உள்ளூர் இதழியலும்

சமூக அறக்கட்டளை என்பது ஒரு நகரம் அல்லது வட்டாரத்தின் நலனுக்காகப் பலரிடமிருந்து நன்கொடை திரட்டி, அதனை முதலீடு செய்து, அப்பகுதியின் பொதுப்பணிகளுக்கு நல்கை வழங்கும் அமைப்பு ஆகும். ஒரே குடும்பமோ நிறுவனமோ நடத்தும் தனியார் அறக்கட்டளையிலிருந்து இது வேறுபட்டது. 1914 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் பிரெடெரிக் கோஃப் என்பவர் தொடங்கிய கிளீவ்லாந்து அறக்கட்டளையே இவ்வகையில் முதலாவது. கல்வி, மருத்துவம், கலை முதலியவற்றுக்கு உதவிவந்த இவ்வமைப்புகள், 21 ஆம் நூற்றாண்டில் உள்ளூர் இதழியலுக்கும் உதவத் தொடங்கின.

பின்னணி

வரி விளம்பரங்கள் இணையத்துக்கு மாறியதால் செய்தித்தாள்களின் வருவாய் பெரிதும் குறைந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அமெரிக்காவில் 2005 முதல் 3,200க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துள்ளன. செய்தியாளர் இல்லாத ஊரில் நகரமன்றம், பள்ளி வாரியம், நீதிமன்றம் ஆகியவற்றின் செயற்பாடுகள் மக்கள் பார்வைக்கு வாராமலேயே போகின்றன. உள்ளூர்ச் செய்தியும் குடிநீர், நூலகம் போன்ற ஒரு பொதுத்தேவையே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 2008 இல் நைட் அறக்கட்டளை, சமூக அறக்கட்டளைகளை இத்துறையில் ஈடுபடுத்தவென ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது.

உதவும் வழிகள்

* நேரடி நல்கை: இலாப நோக்கற்ற செய்தி நிறுவனங்களுக்குப் பணம் வழங்குதல்.
* நிதிப் பொறுப்பேற்பு: இலாப நோக்குடைய நாளிதழுக்கு அளிக்கும் பணத்துக்கு வரிவிலக்கு கிடையாது. எனவே அறக்கட்டளை நன்கொடையைப் பெற்று, குறித்த செய்திப் பணிக்கு மட்டும் அதனை விடுவிக்கும். சியாட்டில் டைம்ஸ் நாளிதழின் புலனாய்வு இதழியல் நிதி, சியாட்டில் அறக்கட்டளையில் இவ்வாறு வைக்கப்பட்டது.
* உடைமை: நாளிதழையே அறநிறுவனத்தின் பொறுப்பில் வைத்தல்.

பிலடெல்பியா

மூன்றாம் வழிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1829 இல் தொடங்கப்பட்ட பிலடெல்பியா இன்குவயரர். அதன் உரிமையாளர் ஜெரி லென்ஃபெஸ்ட், 2016 சனவரியில் தம் நிறுவனத்தை ஓர் இலாப நோக்கற்ற இதழியல் கழகத்துக்குக் கொடையாக அளித்தார். 2 கோடி டாலர் நிதியும் வழங்கினார். லென்ஃபெஸ்ட் கழகம் எனப் பின்னர் பெயர்பெற்ற அது, 1918 இல் தோன்றிய பிலடெல்பியா அறக்கட்டளையின் துணை அமைப்பின் கீழ் நிறுவப்பட்டது. எனினும் நாளிதழ் பொதுநல வணிக நிறுவனமாகவே இயங்குகிறது. சந்தா, விளம்பரம் ஆகியவற்றால் அது வருவாய் ஈட்டவேண்டும். லென்ஃபெஸ்ட் 2018 இல் காலமானார்.

சிக்கல்கள்

சமூக அறக்கட்டளைக்குக் கொடையளிப்போர் பெரும்பாலும் அவ்வூரின் செல்வாக்கு மிக்கோர். செய்தியாளர் ஆராயவேண்டியவர்களும் பல வேளைகளில் அவர்களே. ஆதலால் கொடையாளர் பெயர்களை வெளியிடுதல், செய்தித் தேர்வில் அவர்களுக்கு உரிமையில்லை என எழுத்தில் வரையறுத்தல் ஆகியன இன்றியமையாதவை. அமெரிக்க வரிச்சட்டப்படி, இலாப நோக்கற்ற அறநிறுவனமாகப் பதிவுபெற்ற செய்தி அமைப்புகள் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்து எழுத இயலாது. மேலும், நல்கைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. அக்காலத்துக்குள் வாசகர் ஆதரவைத் திரட்டாத இதழ், நல்கை முடிந்ததும் மீண்டும் நெருக்கடிக்கு உள்ளாகக்கூடும்.