'அறியப்படாதவை' யாருக்கு? - டாங்கி கேம் குறித்துச் சில குறிப்புகள்

வீடியோ கேம்களின் வரலாறு பெரும்பாலும் ஒற்றைக் கதையாடலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அதே ஆண்டு ஜப்பானில் நின்டெண்டோ 'ஃபாமிகாம்' பெட்டியை வெளியிட்டது. 1985இல் அது வேறு பெயரில் அமெரிக்கா போய்ச் சந்தையை மீட்டது. இக்கதையை மையமாகக் கொண்டு பட்டியல் போடுகிறவர்கள், அமெரிக்கக் கடைகளுக்கு வராத விளையாட்டுகளை 'அறியப்படாதவை' என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். யாரால் அறியப்படாதவை என்பதுதான் கேள்வி.

நாம்கோ நிறுவனம் 1985இல் ஃபாமிகாமுக்கு வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'யை எடுத்துக்கொள்வோம். அன்று அது அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆனால் தொண்ணூறுகளில் மதுக்கரையில் அதைத் தெரியாத பையனை நான் பார்த்ததில்லை. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் இந்தியாவில் விற்ற பெட்டிகள் ஃபாமிகாம் விளையாட்டுகளை ஓட்டக்கூடியவை. அவற்றின் வழியாகத்தான் அது எங்களிடம் வந்தது. எங்களுக்கு அது 'டாங்கி கேம்'. 'சர்க்கஸ் சார்லி' வெறும் சர்க்கஸ். 'ரோடு ஃபைட்டர்' கார். இப்படிப் பெயர் மாற்றுவதே ஒரு வாசிப்புதான்.

கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ கொஞ்சம் விளையாட்டுகள்; அவையே வேறு பெயர்களில், வேறு கட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும். பலவற்றில் தலைப்புத் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருக்கும். ரோலண்ட் பார்த் 1967இல் அறிவித்த 'ஆசிரியனின் மரண'த்தைக் கள்ளக் கேசட் வியாபாரி படிக்காமலேயே செய்துகாட்டிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பேட்டில் சிட்டியின் நிரலுக்குள் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன.  கூடவே, இதை எழுதியவர் நோரிகோ என்ற பெண்ணை நேசிப்பதாகவும் ஒரு வரி. ஆக, ஆசிரியனை முதலில் மறைத்தது கள்ளச்சந்தை அல்ல. அசல் பிரதியிலேயே அவன் தலைமறைவாகத்தான் இருந்தான். வியாபாரி அழித்தது நிறுவனத்தின் முத்திரையை மட்டுமே.

வாசகனின் கதை என்ன? இருபது எதிரி டாங்கிகளிடமிருந்து கழுகுச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும். நம் குண்டு பட்டாலும் கழுகு போய்விடும். கூட ஆடுகிறவனைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். 'உன்ற டாங்கியப் பாருடா, என்றதச் சுடாத' என்ற சண்டை இல்லாமல் ஒரு கட்டமும் முடியாது. முப்பத்தைந்து கட்டங்கள் போக, 'கன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒன்று உண்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள் கொண்ட வெற்று மைதானம். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு, பனி எல்லாவற்றையும் நாமே அடுக்கிக்கொள்ளலாம். சிமெண்ட் ஆலை ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? இரும்பில் ரயில் பாதை, செங்கலில் ஆலை, தண்ணீரில் சுண்ணாம்புக்கல் குழி. வாசகன் எழுதுகிறவனாக மாறிய இடம் அது.

ஆனால் அந்த எழுத்தைச் சேமிக்க அந்தப் பெட்டியில் வழியில்லை. கரண்ட் போனால் ஊரும் போச்சு.

இன்று பேட்டில் சிட்டியின் அசல் நிரல் பத்திரமாக இருக்கிறது. அதன் ரகசிய வரியைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பாதுகாக்கப்படாதது அதன் மேல் எங்கள் தலைமுறை நிகழ்த்திய வாசிப்பு. கேசட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் திருத்தப்பட்ட பட்டியல்களும், தெருவுக்குத் தெரு நாம் வைத்த பெயர்களும் கூடவே போகின்றன. 'பழைய விளையாட்டுச் சாமான்தானே, உடுங்க' என்பார்கள். நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்தபோதும் இதே அலட்சியம் இருந்தது. இவற்றை ஆடியவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். எந்த ஊரில், எந்தக் கேசட்டில், எதை என்ன பெயர் சொல்லி ஆடினோம் என்று எழுதிவைப்பதிலிருந்து தொடங்கலாம்.