கணிப்பொறிக்குள் ஓர் ஆசிரியர்

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்று கிடைத்தால் முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். டெர்மினல் என்னும் திரையைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் சி, ஏ, எல் என அடித்து, இடம் விட்டு 9 என்றும், மீண்டும் இடம் விட்டு 1752 என்றும் அடித்து, என்டர் விசையைத் தட்டுங்கள். 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத நாள்காட்டி தோன்றும். (சில லினக்ஸ் வகைகளில் இக்கட்டளையைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.) அதை உற்று நோக்குங்கள். 2-ஆம் தேதிக்கு அடுத்து 14-ஆம் தேதி நிற்கிறது! அந்த மாதத்துக்கு 19 நாட்கள்தாம்!

கணிப்பொறி தவறு செய்துவிட்டதா? யாரைக் கேட்பது? அதே திரையில் எம், ஏ, என் என அடித்து, இடம் விட்டு, சி, ஏ, எல் என்று அடியுங்கள். அக்கட்டளையைப் பற்றிய விளக்கம் விரியும். கிரிகோரியன் நாள்காட்டிச் சீர்திருத்தம் 1752 செப்டம்பரில் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படுகிறது என்ற குறிப்பு அதில் இருக்கும். ஆம், பழைய நாள்காட்டியை விட்டு மாறியபோது இங்கிலாந்து 11 நாட்களைத் தாண்டிச் சென்றது. கணிப்பொறி சரியாகவே சொன்னது.

லினக்ஸ் கற்க விரும்பும் பலர் வகுப்பு எங்கே, கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காசு கேட்காத, இணையம்கூட வேண்டாத ஆசிரியர் ஒருவர் அந்தக் கணிப்பொறிக்குள்ளேயே இருப்பதை அவர்கள் அறிவதில்லை. 'மேன்' எனப்படும் இந்தக் கையேடுதான் அவர். இது லினக்ஸை விட வயதில் மூத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கி, அதன் முதல் கையேட்டை 1971 நவம்பரில் வெளியிட்டனர். அதில் 'குறைகள்' என்று ஒரு தலைப்பும் இருந்தது. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வைத்தார்கள்! எத்தனை விற்பனையாளர்கள் இதைச் செய்வார்கள்? பின்னர் 1991-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் இந்த முறையே தொடர்ந்தது.

கையேட்டைப் படிப்பதற்கு ஒரு சிறு பயிற்சி வேண்டும். தொடக்கத்தில் கட்டளையின் அமைப்பு சுருக்கமாக இருக்கும். அதில் சதுர அடைப்புக்குறிக்குள் உள்ளது கட்டாயமில்லை, வேண்டினால் சேர்க்கலாம். மூன்று புள்ளிகள் இருந்தால், அதற்கு முன்னுள்ளதை எத்தனை முறையும் எழுதலாம் என்று பொருள். இடைவெளி விசை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு செல்லும். சாய்கோட்டை அடித்து ஒரு சொல்லை எழுதினால் அச்சொல்லைத் தேடித் தரும். கியூ எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். இது தெரியாமல் திகைத்துப்போய்க் கணிப்பொறியையே அணைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்!

எதற்கு இத்தனை சிரமம், யாரோ எழுதியதைப் பார்த்து அப்படியே அடித்தால் போதாதா என்று கேட்கலாம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அப்படித்தான் செய்தார். பழைய கோப்புகளை நீக்க எங்கோ கண்ட ஒரு வரியை அடித்தார். 'ஆர்எம்' கட்டளையுடன் ஆர், எஃப் என்ற இரண்டு எழுத்துகளும், இறுதியில் ஒரு நட்சத்திரக் குறியும் அதில் இருந்தன. அவர் இருந்ததோ வேறு கோப்புறையில். மூன்று மாதங்களாகத் தனி ஊசல் சோதனையில் எடுத்த அளவீடுகள் அனைத்தும் மறைந்தன. வேறு பிரதியும் இல்லை. ஊசலை மீண்டும் ஆட்டி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஆர் என்றால் உட்கோப்புறைகளையும் சேர்த்து நீக்கு. எஃப் என்றால் எதையும் கேட்காதே. நட்சத்திரம் என்றால் இங்குள்ள எல்லாப் பெயர்களும். முதல் இரண்டும் அக்கட்டளையின் கையேட்டிலேயே உள்ளன. எஃப்-க்குப் பதிலாக ஐ என்ற எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பையும் நீக்குமுன் கேட்கும் என்பதும் அங்கே இருக்கிறது.

ஆனால் ஒன்று: கையேடு அகராதியைப் போன்றது. அகராதியைப் படித்து யாரும் மொழி கற்பதில்லை. வழி காட்ட ஒரு பாடநூல் வேண்டும். வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' 500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆங்கில நூல். அதன் மின்பதிப்பை அவரே இலவசமாகத் தருகிறார். தமிழில் கேட்டுப் பழக, மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் இருக்கின்றன. இவை சிறு சிறு காட்சிப் பாடங்கள். நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்க்கலாம். கணியம் குழுவினரின் தமிழ் மின்னூல்களும் இலவசமே. இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு முடிக்கும்வரை விடாதீர்கள். பத்தைத் தரவிறக்கி வைத்துவிட்டு ஒன்றையும் திறக்காமல் இருப்பதே இப்போதைய வழக்கமாகிவிட்டது.

வீட்டுக் கணிப்பொறியில் வேறு இயக்குதளம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை ஒரு யு.எஸ்.பி. நினைவுக்குச்சியில் முறைப்படி ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். குச்சியில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். ஆகவே காலியான குச்சியையே பயன்படுத்துங்கள். திரையில் 'நிறுவு', 'நிறுவாமல் முயன்று பார்' என இரு வழிகள் தெரிந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் கணிப்பொறியை நிறுத்திவிட்டுக் குச்சியை எடுத்துவிட்டால், அடுத்த முறை பழைய இயக்குதளமே வழக்கம்போல் எழும்.