சாய்ந்த கொட்டகைக்குள் சிக்கிய உயிர்கள்

புயலில் கொட்டகை பெரும்பாலும் மூன்று விதமாக விழுகிறது. ஒரு பக்கத்துக் கால்கள் சரிந்து, கூரை எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்பது ஒன்று. முகட்டு வளை நடுவில் முறிந்து, கூரையின் இரண்டு பாதியும் உள்ளே மடங்குவது இன்னொன்று. எல்லாக் கால்களும் ஒருசேர மடிந்து, கூரை அப்படியே தரையில் படிவது மூன்றாவது. முதல் வகையில் நிற்கிற சுவரின் அடியில் முக்கோணமாக இடம் மிஞ்சும். இரண்டாவதில் இரு ஓரச் சுவர்களை ஒட்டி இடம் இருக்கும். மூன்றாவதுதான் மோசம். அதிலும் தண்ணீர்த் தொட்டியோ ஆட்டுக்கல்லோ நெல் மூட்டையோ கூரையைத் தாங்கிப் பிடித்திருந்தால், அதன் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். ஆடோ நாயோ பூனையோ உயிரோடு இருந்தால் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில் ஒன்றில்தான் இருக்கும். உள்ளே போகும் வழியையும் அதைக் கணக்கில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பக்கமெல்லாம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. வீடுகளோடு ஆட்டுக் கொட்டில்களும் மாட்டுத் தொழுவங்களும் நசுங்கின. சாலைகளை மரங்கள் அடைத்துக் கிடந்ததால் வெளியிலிருந்து உதவி போய்ச் சேரத் தாமதமானது. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, தீயணைப்பு நிலையங்கள் பல தாலுகாக்களில் இருக்கின்றன. ஆனாலும் அப்படிப்பட்ட காலையில் கொட்டகைக்கு முதலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் கையில் இருப்பது கடப்பாரை, அரிவாள், கயிறு, கிடைத்தால் ஒரு கார் ஜாக்கி. முறையாகப் பயன்படுத்தினால் இவையே நிறையக் காரியம் செய்யும். தீயணைப்புத் துறைக்கு 101-லோ 112-லோ சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை ஆகிற வேலையைப் பார்ப்பதுதான் சரி.

கை வைப்பதற்கு முன்பு அண்ணாந்து பார்க்க வேண்டும். மின்கம்பி அறுந்து தகரத்தின்மேல் விழுந்திருந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கலாம். ஊரில் கரண்ட் இல்லை என்பதை நம்பக் கூடாது. எந்த நிமிடமும் வரலாம், யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகவும் கம்பியில் ஏறலாம். மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்தத் தகரத்தைத் தொடவே கூடாது. கொட்டகைக்குத் தனியாக மெயின் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட வேண்டும். மழை வெள்ளத்துக்குப் பின் உலர்ந்த இடம் தேடிக் கட்டுவிரியனும் நல்ல பாம்பும் இதே இடிபாட்டுக்குள் ஒதுங்கும். கையை விடுவதற்கு முன் டார்ச் வெளிச்சம், அதற்கும் முன்னால் ஒரு நீளக் கம்பு.

அடுத்த வேலை கேட்பது. இடிபாட்டு மீட்பில் பழகிய குழுக்கள் அவ்வப்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, ஒருவரும் பேசாமல் நின்று காது கொடுப்பது வழக்கம். கொட்டகைக்கும் அதுவே பொருந்தும். வளர்த்தவர் ஒருவர் மட்டும் வழக்கமாகக் கூப்பிடும் விதத்தில் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆடு ஆட்டுக்குப் பதில் சொல்லும். ஆகவே தப்பிய தாய் ஆட்டை அருகில் கொண்டுவந்து நிறுத்தினால், உள்ளே இருக்கும் குட்டி எந்த மூலையில் என்பது தெரிந்துவிடும். நாய் முதலில் குரைத்துவிட்டு, களைத்துப்போனால் முனகலோடு நிறுத்திக்கொள்ளும். பூனையிடமிருந்து சத்தத்தை எதிர்பார்க்க முடியாது. பயந்த பூனை இருப்பதிலேயே இருட்டான, குறுகலான மூலையில் ஒடுங்கிக்கொண்டு, எஜமானி கூப்பிட்டாலும் மூச்சு விடாது. சத்தம் வரவில்லை என்பதற்காகப் பூனை இறந்துவிட்டது என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

எல்லோரும் முதலில் ஓடுவது கதவுக்கு. அங்கேதான் ஆபத்தும் அதிகம். கொட்டகை சாயும்போது நிலை கோணலாகி, கதவு அதற்குள் இறுகிக்கொள்கிறது. இறுகிய கதவு பல நேரம் கூரையின் ஒரு பகுதியைத் தாங்கும் முட்டாகவும் மாறியிருக்கும். அதை உதைத்தோ நெம்பியோ எடுத்தால் மிச்சக் கூரை உள்ளே இறங்கிவிடும். நிலையின் மேற்கட்டைக்கு இருபுறமும் உறுதியான முட்டுக் கொடுத்த பிறகுதான் கதவில் கை வைக்கலாம். அதன் பிறகும் தாழ்ப்பாள் பக்கம் மல்லுக்கட்டுவதைவிட, கீல் வெளியே தெரிந்தால் அதன் திருகாணிகளைக் கழற்றுவது எளிது. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் மூட்டைகள் சரிந்திருந்தால், அல்லது பிராணியே அதை ஒட்டிக் கிடந்தால், கதவை விட்டுவிட வேண்டும். வேறு பக்கம் போக வேண்டும்.

கூரை வழி சில நேரம் நல்ல வழி, ஆனால் ஏறி நின்றுகொண்டு செய்யக்கூடியதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் சீட் காலடியில் சட்டென்று உடையும். உடைத்தாலோ அறுத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதை நனைத்து, முழுத் தகடாகவே எடுக்க வேண்டும். சீட்டுகளைச் சட்டத்தோடு பிணைத்திருப்பது ஜே போல்ட்டு. துருப்பிடித்திருந்தால் ஹாக்சா பிளேடால் அறுக்கலாம். சரிவில் மேல் சீட்டின் விளிம்பு கீழ் சீட்டின்மேல் ஏறி அமர்ந்திருக்கும். ஆகவே முகட்டுப் பக்கத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தால்தான் சுலபமாக வரும். கழன்ற தகட்டைத் தூக்கி எறியாமல் கயிறு கட்டி, தள்ளி நின்று பக்கவாட்டில் மெல்ல இழுக்க வேண்டும்.

கூரைமேல் தென்னை கிடந்தால் குலைகளையும் மட்டைகளையும் முதலில் வெட்டிப் பாரத்தைக் குறைப்பது நல்லது. அடிமரத்தில் கை வைப்பது கடைசி. வேரோடு பெயர்ந்த மரத்தைத் துண்டித்தால் அடிக்கட்டை வேர்மண்ணின் கனத்தால் திரும்ப எழுந்து நிற்கக்கூடும். அந்தக் குழியில் ஆள் நிற்கக் கூடாது.

பாரத்தைத் தூக்குவதில் ஒரு விதிதான்: ஒரு விரல்கடை தூக்கினால் ஒரு விரல்கடைக்குக் கட்டை கொடு. ஜாக்கியை ஈர மண்ணில் நேராக வைத்தால் புதையும். அடியில் பலகை வேண்டும். ஜாக்கி ஒரு விரல் உயர்த்தியதும் பக்கத்தில் இரண்டு கட்டை நெடுக்காகவும் அதன்மேல் இரண்டு குறுக்காகவும் அடுக்கிப் பாரத்தை அதில் இறக்கிவிட்டு, பிறகு அடுத்த விரல். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பத்துப் பேர் தோள் கொடுத்து ‘ஐலேசா’ போட்டுத் தூக்கும்போது ஒருவர் கை நழுவினால் அத்தனை பாரமும் உள்ளே இருக்கும் ஆட்டின்மேல்தான் இறங்கும். கட்டை அடுக்கில் நிற்கிற பாரம் அப்படி இறங்காது.

வழி திறந்ததும் உள்ளே வெளிச்சம் பாயும். இருட்டில் அசையாமல் இருந்த பூனை அந்த நொடியில் அம்பாகப் பாய்ந்து வெளியேறி, பிறகு கண்ணிலேயே படாது. அதனால் ஓட்டை பெரிதாவதற்கு முன்பே வாயில் சாக்கோ வலையோ கூடையோ தயாராக இருக்க வேண்டும். பூனையைக் கனத்த துண்டால் மூடிச் சுருட்டி எடுக்க வேண்டும். கோழிகளை இருட்டு கலையாமல் ஒவ்வொன்றாக, இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து எடுக்கலாம். நாய் எவ்வளவு பழகியதாக இருந்தாலும் வலியில் கடிக்கும். துணியால் வாயைக் கட்டலாம். ஆனால் இரைக்க இரைக்க மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது. கடி பட்டவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ஆட்டைக் கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. கயிற்றின் மறுமுனை சரிந்த கட்டைக்கு அடியில் இறுகியிருக்கும். இழுக்க இழுக்கக் கழுத்துதான் நெரியும். கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு விரலை விட்டு, கத்தியின் முதுகு ஆட்டின் பக்கமாக இருக்கும்படி அறுத்துவிடுவது ஒரு நொடி வேலை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் கால்நடைகளை அவிழ்த்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

வெளியே வந்த பிறகும் உயிருக்கு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. புயலுக்கு மறுநாள் வெயில் ஏறினால் தகரத்தின் அடி அடுப்பாகிவிடும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரால் வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைத்து விசிற வேண்டும், ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஒருக்களித்தே கிடந்த ஆட்டுக்கு வயிறு உப்பிப் போயிருக்கும். கால்களை மடக்கி நெஞ்சு தரையில் படிய உட்கார வைத்தால் ஏப்பமாகக் காற்று வெளியேறும். தலை தொங்கும் ஆட்டின் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். உள்ளே அரிசி மூட்டை கிழிந்து கிடந்ததா, யூரியா கரைந்த தண்ணீர் தேங்கியிருந்ததா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டுமே ஆட்டையும் மாட்டையும் கொல்லக்கூடியவை. பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்த பிராணி, பாரம் எடுத்தவுடன் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து திடீரென்று சாயலாம். நசுங்கிய தசையில் தேங்கிய நச்சு ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்குவதே காரணம். அப்படிக் கிடப்பது தெரிந்தால் பாரத்தைத் தூக்கும் முன்பே 1962-ஐ அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸை வரவழைப்பது நல்லது.

எண்ணிக்கையில் ஒன்று குறைகிறதென்றால், அது பெரும்பாலும் பூனை. இருட்டிய பிறகு இடிபாட்டைக் கிளறுவது கிளறுபவர்களுக்கும் ஆபத்து, பூனையையும் இன்னும் உள்ளே தள்ளும். திறந்த வழியை அடைக்காமல் வைத்து, அதன் வாயில் கொஞ்சம் கருவாடும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, சுற்றிலும் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் பூனை அசையும். விடியற்காலையில் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தால், அது உள்ளே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்பதைச் சாம்பலில் பதிந்த கால்தடம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.