சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டலாமா?

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது என்பதை யாவரும் அறிவோம். ஆனால் தூத்துக்குடியில் என் தாத்தா திண்ணையில் ஆடிய சதுரங்கம் வேறு. நம் கல்லூரியில் நாம் ஆடுவது வேறு. அவர் ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. மாறாக, 'செக்' வாங்காத ராஜா ஒரேயொரு முறை குதிரையைப் போல் பாயலாம்.

1951-இல் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றியது. அதன்பின் சர்வதேச விதிகளே மெல்ல மெல்ல வேரூன்றின. உப்பளத்திலிருந்து திரும்பி மாலையில் காய் அடுக்கும் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "இது அவசரக்காரன் ஆட்டம்லே!" என்பார் தாத்தா.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு கட்டமாக நகர்ந்தால், படைகள் மோதுமுன் நிதானமாக அணிவகுக்கலாம். இரண்டு கட்டம் தாண்டினாலோ தொடக்கத்திலேயே மோதல். புத்தகம் படித்தவன் கை ஓங்கும். பழைய விதிகளில் பயின்ற சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். எனினும் தொடக்க ஆட்டமே அவருடைய பலவீனம் என்பர். புதிய விதிகளில் தேர்ந்த நம் மானுவேல் ஆரோன், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். இதைச் சொன்னால் தாத்தா பேச்சை மாற்றிவிடுவார்.

பின்னாளில் என்னை இரண்டு கட்டம் நகர்த்த அனுமதித்தார். தாம் மட்டும் ஒரு கட்டமே நகர்த்தினார். பெரும்பாலும் வென்றவரும் அவரே.