குழந்தை வரப்போகுது, தொட்டிலை இஎம்ஐ-ல வாங்கலாமா?

கொருக்குப்பேட்டையில ஒரு பெட்ரூம் வாடகை வீடு. பீரோ போக மிச்சம் இருக்குற இடத்துல குழந்தைக்குத் தனி ரூம் எங்க போடுறது? ஆனா போனைத் திறந்தா மரத் தொட்டில், டயப்பர் மாத்துற டேபிள், மெத்தை செட்னு கார்ட் நிறையுது. கீழயே இஎம்ஐ பட்டன்!

கொஞ்சம் பொறுங்க. அரசு மருத்துவமனையில பிரசவிக்கிற தாய்மார்களுக்காக 2015-ல தமிழக அரசு ஒரு பரிசுப் பெட்டகம் கொண்டுவந்துச்சு. துண்டு, சின்ன மெத்தை, கொசுவலை, சோப்பு, எண்ணெய், நகவெட்டி, அம்மாவுக்கு லேகியம்னு 16 பொருள். மதிப்பு வெறும் 1,000 ரூபாய். ஃபின்லாந்துல 1938-லேர்ந்து இப்படிப் பெட்டி தர்றாங்க. அங்க பல குழந்தைகளுக்கு அந்த அட்டைப்பெட்டிதான் முதல் படுக்கையே.

பக்கிங்ஹாம் கால்வாய் பக்கம் குடியிருந்தா முதல் செலவு கொசுவலைதான். தூங்கவைக்க அம்மாவோட பழைய காட்டன் புடவையில தூளி போதும். கூரை ஷீட்னா கொக்கி மாட்டாதீங்க, ஸ்டாண்டு வாங்குங்க. தலையணை, பம்பர் செட் வேண்டவே வேண்டாம். குழந்தை மூச்சுக்கே அது ஆபத்துன்னு டாக்டர்கள் சொல்றாங்க.

மிச்சமான பணம் தனி அக்கவுன்ட்ல இருக்கட்டும். மனைவி வேலைக்குப் போறவங்கன்னா சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. அதுக்கு மேல எடுத்தா சம்பளம் கட், இஎம்ஐ மட்டும் கட் ஆகாது.

இன்னொண்ணு: ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ்ல குழந்தை பேரைச் சேர்க்கப் பல கம்பெனிகள்ல 30 நாள்தான் கெடு. பிரசவ அலைச்சல்ல இது மறந்தேபோகும். உங்க கெடு எத்தனை நாள்னு எச்ஆர்-கிட்ட இன்னைக்கே ஒரு மெயில் போட்டுடுங்க.